பீடத் துணியின் முதல் தண்ணீர்

அன்றைக்குப் பாதரிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான், அம்மா: "நீங்க இப்ப சிமிழுக்குக் கீழ விரிச்ச துணி முந்தநாள் எங்கட வளவுக் கொடியில காஞ்சது. அதக் கழுவினது, யாரோட வாழ்ந்தது பாவமெண்டு மனஸ்தாபப்படச் சொல்லி என்ட அம்மாவ இவ்வளவு நேரமும் கேட்டீங்களோ, அந்த மனுசன்."

வளவு வாசல் கடப்படிவரை அவரோடு நடந்து போனேன். இரண்டு வசனங்களும் வாய்க்குள் தயாராக இருந்தன. அவர் இளம் பாதர், ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிளில் ஏறுமுன், நற்கருணைச் சிமிழ் தொங்கின இடத்தை நெஞ்சோடு ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உங்களுக்கென்று கொண்டு வந்த நன்மை, பூசையில் மந்திரித்த அந்த அப்பம், உங்களுக்குக் கொடுபடாமலே அதற்குள் இருந்தது. "செபம் பண்ணுங்க மகள்," என்றார். "ஓம் பாதர், நன்றி," என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் நீங்கள். அவரோடு வெளியே போக நான் எழும்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்தினீர்கள். சின்ன வயதில் பூசை நேரத்தில் நான் கதைத்தால் அழுத்துவீர்களே, அதே அழுத்தம். அந்தக் கையில் அப்போது எலும்பும் தோலும்தான் மிச்சம். ஆனாலும் அது சொன்னது எனக்கு விளங்கியது.

இன்று காலை பருத்திச் சேலையை மினுக்கிக்கொண்டிருந்தேன். அயன் பெட்டி சூடு கூடி, துணியில் இருந்த கஞ்சி இலேசாகக் கருகின வாசம் எழும்பியது. எங்கள் வீட்டுத் திங்கட்கிழமைகள் எல்லாவற்றுக்கும் அந்த வாசம்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். களுவாஞ்சிக்குடிக்குப் போகும் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டது. வேலைக்குப் பிந்தித்தான் போனேன். மேசையில் உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்பது தெரியும். இருக்கும்போதே நான் எழுதுவதை நீங்கள் வாசித்ததில்லை. "பெரிய சொல்லெல்லாம் போட்டு வச்சிருக்காய்," என்று சிரித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவீர்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத் துணிகள் ஒரு வெள்ளைப் பையில் எங்கள் வீட்டுக்கு வரும். அப்பம் வைக்கிற சதுரத் துணி, திராட்சை இரசக் கிண்ணம் துடைக்கிற சின்னத் துணிகள், பாதர் கை துடைக்கிற துணி. முன்பு அந்த வேலையைச் செய்த சிஸ்டருக்குக் கண் மங்கியபோது அவர் உங்களுக்குப் பழக்கிக் கொடுத்தாராம். நீங்கள் நன்மை வாங்குகிற ஆளா, வாங்காத ஆளா என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. கழுவுகிறவளுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை.

திங்கள் காலையில் வெள்ளை எனாமல் பேசினில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, சவர்க்காரம் போடாமல், அந்தத் துணிகளை முதலில் நனைப்பீர்கள். அப்பத்தின் ஒரு துகளோ இரசத்தின் ஒரு துளியோ துணியில் ஒட்டியிருக்கலாம். அது ஆண்டவருடைய உடலும் இரத்தமும் என்று நம்புகிறவர்கள் அந்தத் தண்ணீரைச் சாக்கடைக் கானுக்குள் ஊற்ற மாட்டார்கள். மனிதர் கால் படாத மண்ணில்தான் ஊற்றவேண்டும். நீங்கள் வேலியோரத்து நந்தியாவட்டையின் அடியில் ஊற்றினீர்கள். கோழி கிளறாமல் அதைச் சுற்றி அப்பா செங்கல் கட்டிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் சவர்க்காரம், கஞ்சி, கொடி, அயன் பெட்டி.

அப்பா வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பிறந்த சைவக்காரர், வீடு கட்டுகிற மேசன். உங்கள் சமயத்தை அவர் ஒரு நாளும் பழித்ததில்லை, பகிடி விடாமல் இருந்ததுமில்லை.

"இந்த மரத்துக்கு ஒரு நாளைக்கு வெறி ஏறி, கடப்படியில நிண்டு பாட்டுப் படிக்கப் போகுது, பார்."

"உங்கட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட வேணும்."

"போடு. திறப்ப நீதான வச்சிருப்பாய்."

நீங்கள் ஈரத் துணியை அவர் பக்கம் உதறுவீர்கள். தெறித்த தண்ணீரை அவர் துடைக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் கொண்டு வந்து இறக்கிவிட்டு, கோயில் வளவுக்கு வெளியே வாகை மரத்தடியில் பூசை முடியும்வரை நிற்பார். உள்ளே நீங்கள் எப்போதும் பெண்கள் பக்கத்தில், நீள மர வாங்கின் சுவர் ஓர நுனியில்தான் உட்காருவீர்கள். மின்விசிறிக் காற்று வராத இடம். ஏன் அங்கே போய் உட்காருகிறீர்கள் என்று எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. நன்மை வாங்கும் நேரம் வந்தால் வாங்கில் இருப்பவர்கள் எல்லோரும் எழும்பி நடுவழிக்குப் போவார்கள். சுவர் ஓரத்தில் இருந்தால் யாருக்கும் நீங்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிடத் தேவையில்லை. யாரும் உங்களைத் தாண்டிப் போகவேண்டியதில்லை.

எழும்புவதற்குச் சற்று முன்பு எல்லோரும் ஒரே குரலில் ஆண்டவரிடம் ஒன்று சொல்வார்கள். நீர் என்னிடம் வர நான் தகுதியற்றவன் என்று. சொன்ன கையோடு எழும்பி வரிசையில் போய் நிற்பார்கள். அதைச் சொல்லிவிட்டு, சொன்னபடியே உட்கார்ந்திருந்தது அந்தக் கோயிலில் நீங்கள் ஒருவர்தான். வழிபாடு என்றால் என்ன என்று நான் பிறகு எத்தனையோ புத்தகங்களில் தேடி வாசித்தேன், அம்மா. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைத் தாண்டி அவற்றில் ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. உங்கள் பக்கத்தில் கண்டதும் எனக்கு ஆறுதல் தரவில்லை, எரிச்சலைத்தான் தந்தது.

எனக்கு முதல் நன்மை கொடுத்த அன்று வெள்ளைச் சட்டையும் முக்காடும் போட்டுத் திரும்பி வந்து உங்கள் அருகில் முழந்தாளிட்டேன். என் காதுக்குள் கேட்டீர்கள்:

"எப்படி இருந்திச்சு மனே?"

"கடதாசி தின்ற மாதிரி."

சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். பிறகு, "ஓம். எனக்கும் அப்படித்தான் ஞாபகம்," என்றீர்கள்.

ஞாபகம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டுத்தான், அப்படியானால் உங்களுக்கும் ஒரு காலத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

நீங்கள் எனக்கு அதைத் துண்டு துண்டாகத்தான் சொன்னீர்கள். அப்பாவுக்கு முதல் நீங்கள் கோயிலில் கல்யாணம் முடித்தவர் வாகரைப் பக்கத்துக் கடற்றொழிலாளி. சண்டைக் காலத்தில் கருவாடு விற்கப் போனவரைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பஸ் போயிற்று, அவர் வரவில்லை. பல வருஷம் முகாம் முகாமாக அலைந்தீர்கள். கூடவே அலைந்தவர் அவருடைய அக்கா. நீங்கள் மச்சாள் என்றும் நான் வாகரை மாமி என்றும் கூப்பிடுகிறவர். பிறகு பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்து, கட்டடம் ஒன்றில் கல் தூக்கப் போன இடத்தில் அப்பாவைச் சந்தித்தீர்கள். நான் பிறந்தேன். காணாமல் போன புருஷன் இருக்க இன்னொருவரோடு வாழ்கிறவளுக்கு நன்மை இல்லை என்றார்கள். அன்றிலிருந்து சுவர் ஓரம்.

முன்னைய பாதர் ஒருவர், வயதானவர், உங்களுக்கு ஒரு வழி சொன்னார். "மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்துக்கொண்டு வாங்க. நானே கலியாணம் எழுதி வைக்கிறன். அடுத்த ஞாயிறே நீங்க நன்மை வாங்கலாம்." காணாமல் போனவர்களுக்கு அப்படிப் பத்திரம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மனைவி கையெழுத்து வைத்தால் போதும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நீங்கள் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. நான்தான் கேட்டேன்.

"வச்சா என்னம்மா? அவர் இனி வரப்போறாரா?"

"வரமாட்டார். அது எனக்குத் தெரியும்."

"பிறகென்ன?"

"மச்சாள் அவர்ட படத்தப் பிடிச்சுக்கொண்டு றோட்டில நிக்கிறா. தம்பி எங்க எண்டு கேட்டு நிக்கிறா. அவன்ட பெஞ்சாதியே செத்திட்டான் எண்டு எழுதிக் குடுத்திட்டா எண்டா, மறுகா அவ எந்த முகத்தோட கேட்பா? நீயே சொல்லு புள்ள."

சுனாமி மாமியின் வீட்டை எடுத்தபோதும், சட்டம் போடக் கடைக்குக் கொடுத்திருந்ததால் அந்தப் படம் தப்பியது. அதை மாமி ஒரு அடையாளமாக நினைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று மாமிக்குச் சொல்லவுமில்லை. அதற்கு ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் கொடுத்தது என்ன என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

இயேசு பிறந்த நத்தார்ப் பூசை ஒன்றில் சனம் நிரம்பி, சுவர் ஓரம் கிடைக்காமல் நடுவழிப் பக்கத்து நுனியில் உட்கார வேண்டியதாயிற்று. நன்மை நேரம் வந்தது. எல்லோரும் உங்கள் முழங்காலை உரசிக்கொண்டு போனார்கள். பீடத்து வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்த றீற்றா அன்ரி உங்கள் முன்னால் வந்து நின்று, அடுத்த வாங்குக்கும் கேட்கத்தக்கதாக, "என்னகா, நீங்க வரல்லயா?" என்று கேட்டார். உங்கள் கதை முழுவதும் தெரிந்தவர். ஒவ்வொரு ஞாயிறும் பையைக் கொண்டுவந்து தருகிறவரும் அவர்தான்.

"இல்ல தங்கச்சி. நீங்க போங்க," என்றீர்கள்.

அடுத்த திங்களும் அதே பேசினில் அதே துணிகளை நனைத்தீர்கள். நான் கோபத்தோடு கேட்டேன். "அந்த மனிசிக்காகவா கழுவுறீங்க?"

"மனிசிக்கு ஆரு கழுவுற? கொடியப் பிடி, சாயுது."

வயிற்றில் கட்டி என்று தெரிய வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பை வந்துகொண்டிருந்தது. திருப்பி அனுப்பப் போனேன். நீங்கள் விடவில்லை. உங்களால் கிணற்றடிவரை நடக்கவும் முடியவில்லை. நானே கழுவுகிறேன் என்றால், "உனக்கு வேலைக்கு நேரமாகும்," என்றீர்கள். அப்பா பேசினைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த மாதங்களை நான் கோபமில்லாமல் நினைத்துப் பார்க்கிறேன். வேறு எதையும் அப்படி நினைக்க முடியவில்லை. கட்டிலை ஜன்னலோடு இழுத்துப் போட்டிருந்தோம். நீங்கள் உள்ளே இருந்து சத்தம் போடுவீர்கள், அவர் வெளியே இருந்து பதில் சொல்வார்.

"சவுக்காரம் போட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல, தாயே."

"முதல் தண்ணி எங்க போச்சு?"

"உன்ட குடிகார மரத்துக்குத்தான்."

சீமெந்து தின்று வெடித்த விரல்கள் அவருக்கு. நூல் இழுபடும் என்று பயந்து, கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் துணியைத் தொடுவார். அப்பம் வைக்கிற துணியை மூன்றாக மடித்து, திரும்பவும் மூன்றாக, உள்பக்கமாகவே மடிக்கவேண்டும். விரிக்கும்போது துகள் வெளியே சிந்தாமல் இருக்க. அவர் சுவர் எழுப்புகிறவர் போல ஒரு கண்ணை மூடி மடிப்பை மட்டம் பார்ப்பார். முதல் நாள் மடித்ததை உங்களிடம் கொண்டு வந்து காட்டியபோது, நீங்கள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு நேர் வராது," என்றீர்கள். அன்று முழுவதும் அவர் விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

தவக்காலம் தொடங்கியபோது உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மத்தியானம், "எனக்கு ஒருக்கா நன்மை வேணும்," என்றீர்கள். ஏதோ கறி கேட்பது போலத்தான் கேட்டீர்கள். அத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுக் கேட்டது அதுதான். சாகக் கிடக்கிறவர்களிடம் கோயில் அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை என்று நான் வாசித்திருந்தேன். நம்பித்தான் பாதரைக் கூட்டிவரப் போனேன்.

அவர் வந்து, ஸ்டூலின் மேல் அப்பா மடித்த அந்தச் சதுரத் துணியை விரித்தார். மடிப்பு ஒவ்வொன்றாக விரிந்தபோது, "இந்த நிலமையிலயும் உங்கட வேலை எவ்வளவு நேர்த்தி, அம்மா," என்றார். நீங்களும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உங்கள் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. அப்பா அங்கே இல்லை. தான் நிற்பது சரியில்லை என்று கிணற்றடிக்குப் போயிருந்தார்.

நீங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்காக என்னையும் வெளியே போகச் சொன்னார் பாதர். எங்கள் வீட்டுக் குசினிக்கும் அறைக்கும் நடுவில் பலகைதான். கேட்கக்கூடாது என்று தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினேன். ஒரு பாதி முடிந்து மறு பாதியை எடுத்த இடைவெளியில் அவருடைய குரல் கேட்டது.

"ஒரு வார்த்தை போதும் அம்மா. அந்த மனுசனோட வாழ்ந்த வாழ்க்கைக்கு மனஸ்தாபப்படுறன் எண்டு. மிச்சத்த ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்."

என் கையில் தேங்காய்ப் பாதி அப்படியே நின்றது. எனக்கு, சொல்லிவிடுங்கள் அம்மா என்றிருந்தது. அடுத்த கணம், சொல்லிவிடாதீர்கள் என்றும் இருந்தது. அவர் இன்னும் இரண்டு தரம், வேறு வேறு விதமாக, கெஞ்சுவது போலவே கேட்டார்.

"பொய் சொல்லிப்போட்டு வாங்க ஏலாது பாதர்," என்றீர்கள்.

அவர் செபம் சொல்லி ஆசீர்வதித்துவிட்டு, துணியை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் வேர்த்திருந்தது. நான் உள்ளே வந்து உங்கள் கட்டிலில் ஒரு கணம் உட்கார்ந்து எழும்பினேன், அப்போதுதான் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். பிறகுதான் நான் அவரோடு கடப்படிவரை போனதும், ஒன்றும் சொல்லாமல் திரும்பியதும்.

வந்தபோது நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"போயிற்றாரா?"

"ஓம்."

"வெயிலுக்க வந்த மனுசன். தேத்தண்ணி குடுத்தியா?"

"இல்ல."

"ஏன் புள்ள?"

நான் பதில் சொல்லுமுன் அப்பா உள்ளே வந்தார். முகம் கழுவி, சேட் மாற்றி, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி தலையும் சீவியிருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கிட்டியா புள்ள?"

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள்.

"ஓம். வாங்கிட்டன்."

"அப்ப சரி," என்றார். "அப்ப சரி." பிறகு சேட் நுனியால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆண்டவரை வாங்குவதற்குப் பொய் சொல்ல மாட்டேன் என்ற வாயால், அரைமணி நேரத்துக்குள், வாங்கிவிட்டேன் என்று அவருக்குப் பொய் சொன்னீர்கள். எந்தப் பொய்யைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நீங்கள் போனது அடுத்த வாரம். கோயிலுக்கு எடுத்தார்கள். அதைக் கோயில் மறுக்கவில்லை. பாதர் பிரசங்கத்தில், பீடத்துக்கு நீங்கள் செய்த பணியைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொன்னார். பெட்டியை நடுவழியில் வைத்திருந்தார்கள். நன்மை நேரம் வந்ததும் சனம் இரண்டு பக்கமும் பிரிந்து உங்களைச் சுற்றிக்கொண்டு போய் வாங்கிவிட்டு, திரும்பவும் உங்களைச் சுற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு அன்றைக்குச் சுவர் ஓரம் கிடைக்கவில்லை. வாகரையிலிருந்து வந்த மாமியும் வரிசையில் போனார். வாங்கி வந்து, பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதார். "என்ட தம்பிய விட்டுக்குடுக்காதவள்," என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தேன். நான் நன்மைக்குப் போகவில்லை. அப்பா வாகை மரத்தடியில் நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வந்திருப்பாரோ தெரியாது.

முப்பத்தோராம் நாள் முடிந்து, குருத்தோலை ஞாயிறு கழிந்து, றீற்றா அன்ரி பையோடு வந்தார். இந்த முறை பீடத்துப் பெரிய விரிப்பும் இருந்தது, வரப்போகும் ஈஸ்டருக்கு, உயிர்த்த ஞாயிற்றுக்கு.

"மகள், அம்மா மாதிரி நீங்களும் செய்து தருவீங்களா?"

"ஏலாது அன்ரி," என்றேன். பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்குள் அப்பா, "வச்சிட்டுப் போங்க," என்று வாங்கிவிட்டார்.

அந்த விரிப்பைக் காயப்போட எங்கள் கொடி போதவில்லை. கிணற்றுக் கப்பியிலிருந்து தென்னைக்குக் கயிறு கட்டினார். முதல் தண்ணீரை நந்தியாவட்டைக்கு ஊற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்து யாரும் கேட்கவில்லை. பிறகு சவர்க்காரத்தை எடுத்தார்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை, பையைக் கொண்டுபோகும்போது என்னையும் கூட வரச் சொன்னார். ஒரு உயிர்த்த ஞாயிறு கோயில்களில் குண்டு வெடித்ததிலிருந்து அந்த நாட்களில் கோயில் வாசலில் பொலிஸ் நிற்கும், பைகளைத் திறந்து பார்க்கும். "என்ன கொண்டு போறீங்க?" என்றார் பொலிஸ்காரர். "பீடத் துணி," என்று சொல்லித் தானே திறந்து காட்டினார் அப்பா, மடிப்புக் குலையாமல். அவர் அந்த வளவுக்குள் கால் வைத்தது அன்றுதான்.

பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் றீற்றா அன்ரி துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பாதரும் நின்றார்.

"மகள் அம்மாவ விட நல்லா மினுக்கியிருக்கா," என்றார் அன்ரி.

"அவ இல்ல, நான்தான்," என்றார் அப்பா. "கன மாசமா நான்தான். பயப்பிடாதீங்க, முதல் தண்ணிய மரத்தடியிலதான் ஊத்துற. அவ சொல்லித் தந்தது."

அன்ரியின் கை விரிப்பின் மேலிருந்து எடுபட்டது. பாதர் ஒரு மடிப்பைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு ஸ்டூலில் விரித்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது சிவந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாதர், உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும் எண்டு கனநாள் நினைச்சன். அண்டைக்கு வெயிலுக்க வந்து அவவுக்கு நன்மை குடுத்தீங்களே. எத்தின வருசமா ஏங்கினவ. வாங்கிட்டுத்தான் போனா. அத நான் மறக்க மாட்டன்."

கும்பிட்டார்.

பாதர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்த இரண்டு வசனங்களும் திரும்ப வந்து வாயில் நின்றன. இந்த முறை என் கையை அழுத்த யாருமில்லை. ஆனால் சொன்னால் உடைந்து போகிறவர் எனக்கும் பாதருக்கும் நடுவில் கும்பிட்டபடி நின்றார். பாதர் தலையைக் குனிந்துகொண்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற சட்டம் அவருக்கு இருந்தது. எனக்குச் சட்டம் ஒன்றுமில்லை, உங்கள் பொய்தான் இருந்தது. அதை நீங்கள் என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நகை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அம்மா. நீங்கள் எனக்கு இதை வைத்தீர்கள்.

"சரி ஐயா," என்றார் பாதர்.

நான் இன்றும் ஞாயிறு பூசைக்குப் போகிறேன். ஏன் போகிறாய் என்று கேட்டால், சரியாகச் சொல்லத் தெரியாது. சுவர் ஓரத்தில் உட்காருகிறேன். தகுதியற்றவள் என்று எல்லோரோடும் சேர்ந்து சொல்கிறேன். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தடுக்க அவர்களிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் எழும்ப வரவில்லை. அப்பா வாகை மரத்தடியில் நிற்கிறார்.

உயிர்த்த ஞாயிற்றுப் பூசை அந்த விரிப்பின் மேல்தான் நடந்தது. அடுத்த ஞாயிறு பை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. திங்கள் காலையில் அப்பா பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் றீற்றா அன்ரியிடம் கேட்டேன். "உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் எண்டு பாதர் நினைக்கிறார்," என்றார். அவர்கள் தயங்கியது அப்பாவின் சைவக் கையை நினைத்தா, அல்லது பாதரால் இனி அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதாலா, எனக்குத் தெரியாது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பீடத் துணிகள் இப்போது டவுனில், மெஷின் தண்ணீர் கானுக்குள் ஓடுகிற ஒரு லோண்டரிக்குப் போகின்றன. ஞாயிறு பின்னேரம் றீற்றா அன்ரியின் மகன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வியாழக்கிழமை பிளாஸ்ரிக் உறையில் திரும்பி வருகின்றன.